அறுபத்திரண்டாம் வில்லை

ஓய்வுபெற்று நாலு வருஷமாகியும் அவரை எல்லாரும் டைம்கீப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ் டிப்போ வாசலில் ஒரு மரக்கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று முப்பத்தாறு வருஷம் எழுதியவர். ஒரு தடவைகூடத் தப்பாக எழுதியதில்லை என்பது அவர் பெருமை. அதைக் கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லாருக்கும் காது புளித்துப்போயிருந்தது.

பனிக்கடலைப் பார்க்க ஆசைப்பட்டது அவரல்ல, அவர் மனைவி. அந்த அம்மாள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தாள். தையல் மெஷினுக்கு எதிரே சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் ஒரு பனிமலையும், கீழே கறுப்பாக ஒரு கடலும். வருஷம் முடிந்தும் அதை அவள் கழற்றவில்லை, ஒன்பது வருஷம். அவள் தம்பி ஒரு சுற்றுலாக் கப்பலில் இன்ஜினியர். துருவக் கடலுக்குப் போகிற அந்தக் கப்பலில் குடும்பத்தாருக்கென்று ஓர் அறை வாங்கி வைத்துக்கொண்டு, அக்காவை வரச் சொன்னான். பனியைப் பார்க்க ஃப்ரிட்ஜைத் திறந்தால் போதாதா என்று டைம்கீப்பர் முதலில் கிண்டலடித்தார். பிறகு, அவ்வளவு தூரம் இவள் தனியாக எப்படிப் போவாள் என்று தானும் கிளம்பிவிட்டார்.

கப்பலில் அவளுக்கு அவர் ஒரு வேலையும் வைக்கவில்லை. அவளுடைய அறைச் சாவி அவர் பையில். அவளுடைய மாத்திரை அவர் டப்பாவில். கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிடுவதும் அவர்தான். ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ஜிப் வைத்துத் தைத்தவளுக்கு ஜிப் போடத் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ. அவளும் கழுத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள்.

கரைக்குப் போகிறவர்கள் கப்பலின் கீழ்த்தளத்தில் ஓர் அறை வழியாகத்தான் போகவேண்டும். பூட்ஸைக் கழுவி, ரோஸ் நிற மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கவேண்டும், வெளி மண்ணும் விதையும் கரையில் விழுந்துவிடக்கூடாது என்பதற்காக. அந்த அறைச் சுவரில் ஒரு பலகை. அதில் ஆளுக்கொரு எண் போட்ட வட்ட வில்லை. ஒரு பக்கம் பச்சை, ஆள் கப்பலில் இருக்கிறார். மறுபக்கம் சிவப்பு, கரையில் இருக்கிறார். கரைக்குழுத் தலைவி முதல் நாளே இரண்டு தடவை சொன்னாள்: அவரவர் வில்லையை அவரவர் கையால்தான் திருப்பவேண்டும், புருஷன் பெண்டாட்டியானாலும் சரி. மீறினால் அப்புறம் கரைப் பக்கமே போகமுடியாது. கூட்டத்திலேயே பலமாகத் தலையாட்டியவர் டைம்கீப்பர்தான். இது அவர் தொழிலல்லவா. அவர் வில்லை எண் அறுபத்தொன்று, அவளுடையது அறுபத்திரண்டு.

பத்தாம் நாள் ஒரு கூழாங்கல் கரையில் இறக்கினார்கள். எங்கே பார்த்தாலும் பென்குயின், எங்கே பார்த்தாலும் அதன் நாற்றம். ஒரு மணி நேரத்தில் டைம்கீப்பருக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. போகலாம் என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"நீங்க போங்க. நான் நாலரைக்குக் கடைசிப் படகுல வரேன். கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்."

முப்பத்துமூன்று வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படிக் கேட்டதில்லை. அவருக்குச் சுருக்கென்றது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே படகேறினார்.

மூன்று மணிக்குக் கப்பலில் ஏறி, பூட்ஸைக் கழுவி, கோட்டைக் கொக்கியில் மாட்டி, பலகைக்கு வந்தார். அறுபத்தொன்றைத் திருப்பினார். பக்கத்திலேயே அறுபத்திரண்டு. கோபம் மனதில் இருந்தது, கை அதன் பாட்டுக்குப் பழகிய வேலையைச் செய்தது. அதையும் பச்சைக்குத் திருப்பிவிட்டு, சூப் குடித்து, அறையில் போய்ப் படுத்துத் தூங்கிப்போனார்.

அதற்குப் பிறகு காற்றுத் திரும்பியது. பனிப்பாளங்கள் விரிகுடா வாயை அடைக்க வந்தன. மூன்றே முக்காலுக்குச் சங்கு ஊதி, கரையின் இரண்டு முனைகளிலிருந்தும் ஆட்களை அவசரமாக ஏற்றினார்கள். அந்த அம்மாள் நடுவில் ஒரு பாறைக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். சங்குச் சத்தம் அவள் காதில் விழவில்லை. இந்த முனைக்காரர்கள் அவள் அந்த முனையில் ஏறியிருப்பாள் என்று நினைத்தார்கள், அந்த முனைக்காரர்கள் இந்த முனையில் என்று. எதற்கும் கப்பலைக் கேட்டார்கள். கப்பலில் பலகையைப் பார்த்தார்கள். அத்தனையும் பச்சை.

நங்கூரச் சங்கிலி ஏறுகிற சத்தத்தில்தான் டைம்கீப்பர் விழித்தார். பக்கத்துக் கட்டில் காலி. கீழே போய்ப் பலகையைப் பார்த்தார். அறுபத்திரண்டு பச்சையாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விடப்போனவருக்குத் தன் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், பழக்கதோஷம். மணி நாலு ஆறு.

அங்கேயே நாலடி தள்ளி ஓர் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டைம்கீப்பர் சொல்லவில்லை. ஒருவேளை நான் திருப்பவில்லையோ, அவளே வந்து திருப்பியிருப்பாளோ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவளைத் தேடக் கிளம்பினார். சாப்பாட்டுக் கூடம், புத்தக அறை, மேல்தளம், மறுபடி சாப்பாட்டுக் கூடம். அவள் அங்கெல்லாம் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தேடினார். முப்பத்தாறு வருஷப் பெருமை அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

படிக்கட்டில் மைத்துனன் எதிரே வந்தான். இந்த மாமாவின் காலை வாருவதில் அவனுக்கு இன்றுவரை அலுப்பு வந்ததில்லை. அக்கா எங்கே என்று கேட்டான்.

"குளிக்கிறா மாப்ள" என்றார் டைம்கீப்பர்.

மைத்துனன் சிரித்துக்கொண்டே இன்ஜின் அறைக்கு இறங்கிப்போனான். கப்பல் அசையத் தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே அந்தக் கூழாங்கல் கரை மெதுவாகப் பின்னால் போயிற்று. அவர் தண்டவாளம்போல் நீண்ட கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிப்போவிலிருந்து எத்தனையோ வண்டிகள் இப்படி அவர் கண் முன்னால் கிளம்பிப் போயிருக்கின்றன. ஒன்றிலும் அவர் ஆள் விடுபட்டதில்லை. அதற்குமேல் தாங்கமுடியவில்லை. முழங்காலை மறந்து ஓடினார்.

"நான்தான் திருப்பினேன். என் பொண்டாட்டி கரையில இருக்கா" என்று மாலுமிகள் அறை வாசலில் நின்று தன் மொழியில் கத்தினார். அப்புறம் தான் எந்த மொழியில் கத்தினோம் என்பது உறைத்து, அறுபத்திரண்டு என்பதை விரலால் காட்டி, கரையைக் காட்டி, கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. மணி நாலு இருபத்தெட்டு.

கப்பல் நின்றது. பாளங்களுக்கிடையில் வழி தேடித் தேடி ரப்பர் படகு போனது. கீழ்த்தளத்தில் மைத்துனன் வந்து நின்றான். ஒரு கிண்டல் இல்லை, ஒரு திட்டு இல்லை, மாமாவின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. டைம்கீப்பருக்கு அதுதான் பொறுக்கமுடியாததாக இருந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் ஏறி வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது, மற்றபடி நன்றாகவே இருந்தாள். அறையில் கம்பளிக்குள் உட்கார்ந்து, சூடான டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு குஞ்சு தன் பூட்ஸைக் கொத்திய கதையைச் சொன்னாள். நாலேகாலுக்கு எழுந்து பார்த்தால் கரையில் ஒருவரும் இல்லையாம்.

"பயமே இல்ல. நாலரை தாண்டி ஒரு நிமிஷம் ஆனா உங்களுக்குத் தெரிஞ்சுடும்னு நினைச்சேன். நீங்க டைம்கீப்பராச்சே."

அவர் பேசாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் நேரத்தில் பொய் எழுதிப் பழக்கமில்லாத மனுஷன்.

"நாலு ஆறுக்கே தெரியும்" என்றார். "உன் வில்லையை நான்தான் திருப்பினேன். இருபத்திரண்டு நிமிஷம் யார்கிட்டயும் சொல்லல. உன் தம்பி கேட்டான். நீ குளிக்கிறதாச் சொன்னேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு அவர் சட்டைப் பையில் கைவிட்டுத் தன் அறைச் சாவியை எடுத்துக்கொண்டாள். மருந்து டப்பாவைத் திறந்து தன் மாத்திரைகளைப் பிரித்து எடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுகை வந்தது, அழுதார். அவள் தடுக்கவில்லை.

மறுநாள்தான் கடைசி இறக்கம். காலண்டரில் இருந்த மாதிரியே ஒரு பனிமலை, கீழே கறுத்த கடல். டைம்கீப்பர் கரைக்குப் போகக்கூடாது என்று தலைவி சொல்லிவிட்டாள். அவரும் வாதாடவில்லை. ஆனாலும் கீழ்த்தளம் வரை மனைவி பின்னாலேயே வந்தார். அவள் ஜிப்பைத் தானே கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அறுபத்திரண்டைச் சிவப்புக்குத் திருப்பினாள்.

"இங்கேயே நில்லுங்க" என்றாள். "பார்த்துக்கிட்டே இருங்க. கை மட்டும் வைக்காதீங்க."

மூன்று மணி நேரம் நின்றார். உட்காரச் சொன்ன மாலுமிக்கு வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார். படகுகள் வந்தன. ஒவ்வொரு வில்லையாகப் பச்சைக்குத் திரும்பியது. கடைசிப் படகில் அவள் வந்தாள். பூட்ஸைக் கழுவினாள், மருந்துத் தண்ணீரில் முக்கினாள், கோட்டைக் கொக்கியில் மாட்டினாள். கையுறையைக் கழற்றி விரல்களை நிதானமாக ஊதிக்கொண்டாள். அவர் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். பலகையில் அந்த ஒன்று மட்டும் சிவப்பாக இருந்தது. அவள் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு அதைத் திருப்பினாள்.

அப்புறம்தான் அவர் உட்கார்ந்தார்.