மச்சானுக்கு ஒரு மஞ்சள் பை

வலது கையில் ஊசி இருந்ததால் அதை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவன் போனை நெஞ்சின் மேல் நிறுத்தி, வாயால் சொல்லச் சொல்ல அதுவே எழுதிக்கொள்ளும்படி வைத்து, கடல் கடந்து இருக்கும் அக்காவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான்.

“அக்கா, பயப்படாத. மச்சானுக்கு பிளேட்லெட் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். நான்தான் குடுத்துட்டு இருக்கேன்.”

அவ்வளவுதான் என்பது பொய். ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்த அக்கா புருஷனுக்குக் காலையிலிருந்து ஈறில் ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் கையிருப்பு இல்லை, சாயங்காலத்துக்குள் குரூப் சேரும் ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் முன்னால் இவனை இந்த நாட்டுக்குக் கூட்டி வந்து, கம்பி கட்டும் வேலையில் சேர்த்து, முதல் மாதம் தன் கட்டிலையே விட்டுக்கொடுத்துத் தரையில் படுத்த மனிதர். இவன் குரூப் சேர்ந்தது.

இன்னொரு பொய்யும் இருந்தது. கடந்த மூன்று நாளில் வலி மாத்திரை எதுவும் போட்டீர்களா என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தான். நேற்று பல்வலிக்கு ஒரு ஆஸ்பிரின் விழுங்கியிருந்தான். பல்லுக்குப் போட்டதற்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? உண்மையைச் சொல்லி, திருப்பி அனுப்பிவிட்டால்?

பீரோ உயரத்துக்கு நின்ற இயந்திரம் சன்னமாக உறுமியது. ரத்தம் கருஞ்சிவப்பாகக் குழாயில் ஏறிப்போய், உள்ளே எங்கேயோ கிறுகிறுவென்று சுற்றி, கொஞ்ச நேரம் கழித்து அதே ஊசி வழியாகத் திரும்பி வந்தது. மேலே தொங்கிய பையில் மட்டும் வெளிர் மஞ்சளாக ஏதோ சேர்ந்துகொண்டிருந்தது. இருபத்தாறு வருஷமாக இது தன் உடம்புக்குள்தான் ஓடியதா என்று அவன் வாய் பிளந்தான்.

“எல்லாம் ஒரே சிவப்புன்னு நெனச்சேன் சிஸ்டர்.”

“எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க தம்பி.” நர்ஸ் அவன் கைக்கட்டைச் சரிபார்த்தாள். “செவப்பணு சுமைதூக்கி. நுரையீரல்ல காத்த ஏத்தி, கால் கட்டைவிரல் வரைக்கும் கொண்டுபோய் எறக்கும். திரும்பும்போது சும்மா வராது, கழிவுக் காத்த அள்ளிட்டு வரும். நாலு மாசம் உயிரோட இருக்கும், ஒரு நாள் லீவு கெடையாது.”

“எங்க கம்பெனில சேத்துக்குவாங்க.”

அவள் சிரித்தாள். வெள்ளையணு காவல்காரனாம், உள்ளே நுழைந்த கிருமியை முழுசாக விழுங்கிவிடுமாம். பாதிக்கு மேல் இருப்பது பிளாஸ்மா என்கிற மஞ்சள் தண்ணீர், மற்றவை எல்லாம் அதில்தான் மிதந்து போகின்றனவாம்.

“அப்ப இந்த பிளேட்லெட்டு?”

“அது குட்டித் துணுக்கு. வேலை இல்லாதவன் மாதிரி சுத்திட்டே இருக்கும். எங்கயாவது ரத்தக்குழாய் கிழிஞ்சா போதும், கை கால் மொளைச்ச மாதிரி ஓடிப்போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அடைச்சிடும்.”

கட்டுக்கம்பி, என்று நினைத்துக்கொண்டான். எவ்வளவு பெரிய தூணுக்கும் கம்பியோடு கம்பியைப் பிடித்து நிறுத்துவது அந்த மெல்லிய முறுக்குத்தான்.

“ஆனா பாவம், ஒரு ஆஸ்பிரின் போதும். அப்புறம் சாகிற வரைக்கும் ஒழுங்கா ஒட்டாது. அதான் மாத்திரை போட்டவங்ககிட்ட எடுக்கறதில்ல.”

அவன் தலையைத் திருப்பிப் பையைப் பார்த்தான். பையில் இரண்டு விரல் உயரத்துக்கு மஞ்சள் ஏறியிருந்தது. போன் அதிர்ந்தது, அக்கா. ‘எடுத்தாச்சாடா? உன்ன நம்பித்தான் இருக்கேன்.’ பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பை மாடியில் மச்சான் வார்டுக்குப் போகும், அவருக்கு ஏறும், ஈறில் ரத்தம் மட்டும் நிற்காது.

“சிஸ்டர், நான் போட்டேன். நேத்து. பல்லுக்கு.”

அவள் திட்டவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினாள். இயந்திரத்துக்குள் இருந்த ரத்தம் அவனுக்கே திரும்பியது, மஞ்சள் பையை மட்டும் கழற்றி ஒதுக்கினாள். “இப்பவாவது சொன்னியே” என்றாள். “மணி பன்னெண்டு. வேற ஆளப் பாரு.”

தங்கும் வீட்டில் கூட இருந்த எட்டுப் பேரையும் வரிசையாகக் கூப்பிட்டான். காலையில் மாத்திரை போட்டாயா என்று கேட்டதும் ஏழு பேர் போட்டேன் என்றார்கள். நாள் முழுக்க முதுகை வளைத்துக் கம்பி முடிபவர்கள். டீயோடு மாத்திரை விழுங்காமல் யாரும் சாரம் ஏறுவதில்லை. “சோத்துக்கு முன்னாடியே அதத்தானடா போடறோம்” என்றான் ஒருவன். எட்டாவதாக மிஞ்சியவர் மௌனச்சாமி. ஜன்னலோரக் கட்டிலுக்காகச் சண்டை போட்டு, மூன்று மாதமாக மச்சானோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்.

“நான் மாத்திரையே போடறதில்ல” என்றார். “வலி எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான பாத்துக் குனிய முடியும்?”

“மச்சானுக்குத்தாண்ணே...”

“தெரியுது. கட்டில் தராததுக்கு ஆளு போகட்டும்னா சொன்னேன்? வர்றேன், இரு.”

துருப் படிந்த உள்ளங்கைகளோடு வந்தார். பரிசோதனை முடியும்வரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குரூப் சேர்ந்தது. ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அவன் வராண்டாவுக்கு வந்து மறுபடியும் போனுக்கு வாயால் சொல்லி அனுப்பினான். “அக்கா, என் ரத்தம் ஆகல. மாத்திரை போட்டதை மறைச்சிட்டேன். தப்பு என்மேலதான்.”

 அக்காவின் பதில் வந்தது: ‘சரி. இப்ப யாரு குடுக்கறா?’

அவன் மௌனச்சாமியின் பெயரைச் சொல்லி அனுப்பினான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

நாலரை மணிக்கு நர்ஸ் பையைக் கழற்றி ஜன்னலருகே எடுத்துப் போனாள். வெயிலுக்கு நேராகப் பிடித்து மெல்லச் சாய்த்தாள். மஞ்சளுக்குள் பட்டுத்துணியை உதறியதுபோல ஒரு மினுமினுப்பு சுழன்று எழுந்தது.

“நல்ல பிளேட்லெட் இப்படித்தான் சுழிக்கும்” என்றாள்.

நாற்காலியில் இருந்த மௌனச்சாமி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். “அது என்னோடதா?”

 அவள் இன்னொரு முறை பையைச் சாய்த்தாள். கோடிக்கணக்கான துணுக்குகள் வெளிச்சத்தில் புரண்டு, ஒரே திசையில் திரும்பின.