வெள்ளை வாளி

செந்தாமரைக்குக் கோபம் வந்தால் பூதலூர் ரயில் நிலையம் வரைக்கும் கேட்கும் என்பார் அவள் கணவர் பரிதி. அந்தப் புதன்கிழமை காலையும் கேட்டிருக்கும்.

"மீனுக்குத் திரும்பவும் தீனி போட்டீங்களா?"

"என் உளுந்து மேல சத்தியமா போடல!"

பின்னே, சோதனைக் குப்பியில் தொட்டித் தண்ணீர் ஏன் இப்படி நீலமாகிறது? நீலம் கூடினால், மிஞ்சிய தீனியிலிருந்து வரும் பாஸ்பேட் கூடியிருக்கிறது என்று அர்த்தம். பாஸ்பேட் கூடினால் பாசிக்கு ஒரே கொண்டாட்டம், பவளம் சுருண்டுவிடும். கூடத்திலிருந்த அந்தக் கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடி முழுக்கப் பச்சை படிந்துவிட்டது. இவளைப் போலவே கடல்தொட்டி வைத்திருக்கும் நாகூர் மீரா உசேன் கொடுத்த பவளம் பத்து நாளாக விரியவே இல்லை. "ஞாயித்துக்கிழமை வர்றேன் தங்கச்சி. அதுவரைக்கும் விரியலேன்னா நானே எடுத்துட்டுப் போயிடுறேன். பாவம், எங்கிட்டயாவது பொழச்சுக்கட்டும்" என்று அவர் போனில் சொன்னதிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தீனியைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினாள். மாற்ற மாற்ற நீலம் ஏறியதே தவிர இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவளுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

அன்று ஒவ்வொன்றாகச் சோதித்துவிடுவது என்று உட்கார்ந்தாள். கேனில் இருந்த ஆர்.ஓ. தண்ணீரில் நிறமே வரவில்லை. அதையே, தொட்டிக்குக் கடலுப்புக் கலக்கும் வெள்ளை வாளியில் ஊற்றி, உப்புப் போடும் முன்பே எடுத்துப் பார்த்தாள். மை மாதிரி நீலம்.

வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

"இதுல என்ன பண்ணுனீங்க?"

பரிதி தலையைச் சொறிந்தார். "டிஏபி ஊறவெச்சேன். உளுந்து பூக்குற நேரம், தெளிக்கணும்ல? தெளிவ இறுத்துக்கிட்டு வாளியக் கழுவித்தான் வெச்சேன்."

"எத்தன தடவ?"

"நமக்கு ரெண்டு. அப்பறம் துரைக்கண்ணு கேட்டாரு, ஈஸ்வரி கேட்டுச்சு..."

ஊர் உளுந்துக்கெல்லாம் போன பாஸ்பேட் உரத்தின் மிச்சத்தைத் தன் கையாலேயே தொட்டியில் ஊற்றியிருக்கிறாள்! திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது. செய்யாத குற்றத்துக்கு அத்தனை நாள் திட்டு வாங்கிய மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

அன்றே பரிதி கடைத்தெருவுக்குப் போய்ப் புது வாளி வாங்கிவந்தார். சிவப்பு வாளி. அதில் கலந்த தண்ணீரை அன்றும் வெள்ளிக்கிழமையும் மாற்றினார்கள். பாசியைச் சுரண்டும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வயலுக்குப் போகும்போது ஒருமுறை, திரும்பியதும் ஒருமுறை தொட்டியைக் குனிந்து பார்ப்பார். குப்பியில் நீலம் வெளிறிக்கொண்டே வந்தது, பவளம் மட்டும் அசையவில்லை.

ஞாயிறு காலை, பவளத்தை எடுத்துப்போகத் தெர்மாகோல் பெட்டியுடன் மீரா உசேன் படியேறும்போது உள்ளேயிருந்து பரிதியின் குரல் கேட்டது.

"தாமர, ஓடியா! பூத்துருச்சு!"

இந்த முறை ரயில் நிலையம் வரைக்கும் கேட்டது அவர் குரல்தான். மீரா உசேன் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனார்.