எட்டு நம்முதா?

"திண்டிவனத்து ஜனங்களே, கேட்டுக்குங்க! எட்டு நம்ம எட்டு! வெள்ளைக்காரன் அதைத் தூக்கிக்கினு போய் 'எயிட்'னு வச்சுக்கினான்!"

தேவநாதன் மேசையைக் குத்தினார். விசில் பறந்தது. பக்கத்து நாற்காலியில் அம்சவள்ளி தன் குறிப்புத் தாளைப் புரட்டினாள். அதில் 'எயிட்' இல்லை.

1986, பங்குனி. ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொல் அதிகமா, வாங்கிய சொல் அதிகமா என்று பட்டிமன்றம். 'கொடுத்ததே' அணிக்கு தேவநாதன் தலைவர். விழுப்புரத்து டுடோரியலில் ஆங்கிலம் நடத்தும் அம்சவள்ளி அந்த அணியின் கடைசிப் பேச்சாளர். வழக்கமாகப் பேசுகிறவருக்கு மஞ்சள் காமாலை வந்ததால் கிடைத்த இடம். இன்று நன்றாகப் பேசிவிட்டால் நடுவர் சவுரிராயன் தன் குழுவில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வார். கல்லூரி நாளிலிருந்து அவள் ஏங்கிய மேடை.

அவள் முறை வந்து மைக்கைப் பிடித்ததும் எதிரணித் தலைவர் குறுக்கே எழுந்தார். கோட்டக்குப்பத்து சிக்கந்தர் பாட்சா. கையில் தலையணை கனத்தில் அகராதி.

"தங்கச்சி, நீ இங்கிலீஷ் டீச்சரு. உன்னையே கேக்கறேன். 'எயிட்' தமிழ்ல இருந்துதான் போச்சா? ஆமாவா, இல்லியா?"

சொந்த அணித் தலைவரை மேடையில் மறுக்கக் கூடாது. பட்டிமன்றத்தில் எழுதாத சட்டம். தேவநாதன் பலமாகக் கனைத்தார்.

"இல்லீங்க," என்றாள் அம்சவள்ளி. "ஜெர்மன்காரன் 'அஹ்ட்'ங்கறான். அதுவும் 'எயிட்'டும் ஒரே வீட்டுப் புள்ளைங்க. நம்முது இல்ல."

"அய்ய, சொந்த கோல்லயே பந்தைப் போடுதே இந்தம்மா!" என்றது முன்வரிசை. ஒரே சிரிப்பு. தேவநாதன் முகம் கறுத்தது.

அவள் விடவில்லை. கத்திய முன்வரிசைக்காரரைப் பார்த்தாள். "அண்ணே, உங்க வாயில இருக்குதே சுருட்டு, அதைத்தான் 'செரூட்'டுங்கறான். அது நம்முது! கட்டுமரம் 'கட்டமரான்' ஆச்சு. மிளகுத்தண்ணிய 'முல்லிகடானி'ன்னு சூப்பாக்கிக் குடிக்கிறான். எல்லீஸ் சத்திரத்துல நாம குளிக்கிறோமே அணைக்கட்டு, அது அவன் எஞ்சினியர் புஸ்தகத்துல 'அனிக்கட்'. உண்மையா குடுத்ததே இவ்ளோ இருக்குது, குடுக்காததை எதுக்குச் சொல்லணும்? பாய், புரட்டிப் பாருங்க!"

பாய் புரட்டினார். "இருக்குதும்மா," என்று மூடினார்.

கைதட்டல் ஓய நேரமானது. ஆனாலும் தீர்ப்பு எதிரணிக்குத்தான். தலைவர் பேச்சை அவர் அணியே ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் என்ன செய்ய என்று சவுரிராயன் கையை விரித்துவிட்டார்.

ஊருக்கு ஊர் பக்கம் மாறிப் பேசுகிற கூட்டம் அது. திரும்பும்போது எல்லோருக்கும் ஒரே வேன். கூட்டேரிப்பட்டில் டீக்கு நிறுத்தினார்கள். தேவநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். இனி டுடோரியலோடு சரி என்று அம்சவள்ளி மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது சவுரிராயன் வந்தார்.

"நாளைக்கு விழுப்புரத்துல இதே தலைப்பு. வந்துடும்மா. ஆனா தேவநாதனுக்கு எதிர்ல உக்காரு."

"எதிர்லயா சார்?"

"அவன் அளந்து விடணும், நீ புடிக்கணும். நீ 'இல்லீங்க'ன்னதும் மல்லாட்டை உரிச்சுத் தின்னுக்கினு இருந்தவன்லாம் வாயை நிறுத்திட்டான்."

இதைக் கேட்டதும் தேவநாதன் கிளாஸோடு மெல்ல நெருங்கினார்.

"ஏம்மா, ஒண்ணு? 'ஒன்'?"

"அதுவும் இல்லீங்க."

"பேஜாரும்மா உன்னோட," என்றவர், கடைக்காரரைப் பார்த்து இன்னொரு டீ சொன்னார், அவளுக்கு.