மொரேலுவுக்கு அனுப்பாத வீடியோ

வான்மதி கோபிசெட்டிப்பாளையத்தில் வாய்க்காலும் வயலும் பார்த்து வளர்ந்தவள். கடல் அவளுக்குப் பழக்கமே இல்லை. ஆனால் அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் அவளுக்குக் கிடைத்த வேலை நாள் முழுக்கக் கடலைப் பார்ப்பது. பசிபிக்கில் சூரை மீன் பிடிக்கும் கப்பல்களில் கேமரா மாட்டியிருப்பார்கள். அந்த வீடியோக்கள் ஃப்ரீவேயை ஒட்டியிருந்த ஆபீஸுக்கு வந்து சேரும். வலையில் சுறா வந்ததா, ஆமை வந்ததா, திரும்ப விட்டார்களா என்று குறிக்க வேண்டும். முதலில் சாஃப்ட்வேர் பார்க்கும். அதற்குச் சந்தேகம் வந்த இடங்களை வான்மதி பார்ப்பாள்.

இந்த வேலையைக் கம்பெனிக்குக் கொடுத்தது மொரேலு என்ற தீவு நாடு. நாடு என்று பெயர்தான். அங்குள்ள சனம் மொத்தமும் ஊர்ப் பக்கம் பாரியூர் அம்மன் கோயிலில் குண்டம் இறங்குவதைப் பார்க்க வரும் கூட்டத்தில் கால்வாசி தேறாது. தென்னையைத் தவிர மண்ணில் ஒன்றும் விளையாது. ஆனால் சுற்றியிருக்கும் கடல் அவர்களுடையது. அங்கே மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் லைசென்ஸ் பணத்தில்தான் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கரண்ட் எல்லாம் ஓடின.

ஒவ்வொரு கப்பலிலும் மொரேலுக்காரர் ஒருவர் இருப்பார். அப்சர்வர் என்பார்கள். பிடிபடும் மீனைக் கணக்கெடுப்பதும், தப்பு நடந்தால் எழுதிவைப்பதும் அவர் வேலை. வான்மதி பார்த்த கப்பலில் இருந்தவருக்குக் கொஞ்சம் தொப்பை. காலையில் மேல்தளத்துக்கு வந்ததும் உப்புப் படிந்த கேமராக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிடுவார். அப்போது அவர் முகம் ஸ்க்ரீன் முழுக்க வரும்.

ஒருநாள் வலை ஏறிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு சுறாவைக் காட்டி ஏதோ சொன்னார். வீடியோவில் சத்தம் கிடையாது. கப்பல்காரன் ஒருவன் கையை வீசிப் பதில் சொன்னான். இழுபட்டிருந்த கயிறு ஒன்று அறுந்து வந்து அவர் இடுப்பில் அடித்தது. அவர் மல்லாந்து கடலுக்குள் போனார். இரண்டு பேர் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரும் மிதவை வீசவில்லை, படகு இறக்கவில்லை. திரும்பிப் போய் வலையை இழுத்தார்கள்.

சாஃப்ட்வேர் அந்த இடத்தைச் சுறாவுக்காகத்தான் காட்டியிருந்தது. வான்மதி சுறா என்று குறித்தாள். குறித்த பிறகுதான் எழுந்து போய் மேனேஜர் சைலஸைக் கூட்டிவந்தாள்.

நாகர்கோவில்காரரான சைலஸ் அதை இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார்.

"இது எப்ப நடந்தது?"

"போன மாசங்க. கப்பல் கரைக்கு வந்தாத்தானுங்க ஹார்ட் டிஸ்க் நமக்கு வருது."

மறுநாள் சைலஸின் லேப்டாப்பில் மொரேலுவின் மீன்வளச் செயலாளரோடு வீடியோ கால் போட்டார்கள். லோசா என்ற அம்மாள். பேச்சு இங்கிலீஷில்தான். வான்மதி பார்த்ததைச் சொல்லி முடிக்கும்வரை லோசா குறுக்கே பேசவில்லை.

"அவர் பெயர் தெமோ," என்றார் பிறகு. "என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. வழுக்கி விழுந்தார், இருட்டும்வரை தேடினோம் என்று கேப்டன் எழுதிக் கொடுத்திருக்கிறார்."

"தேடவே இல்லை," என்றாள் வான்மதி.

"வீடியோவை இன்றைக்கே அனுப்பிவிடுகிறோம்," என்றார் சைலஸ்.

"அனுப்பாதீர்கள்," என்றார் லோசா.

சைலஸ் வான்மதியைப் பார்த்தார்.

"அனுப்பினால் நாங்கள் பார்த்தாக வேண்டும். பார்த்தால் லைசென்ஸை ரத்து செய்தாக வேண்டும். எங்கள் கடலில் இருக்கும் கப்பல்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு கப்பல் கம்பெனியுடையவை. அவர்கள் பக்கத்து நாட்டுக் கடலுக்குப் போய்விடுவார்கள். அங்கேயும் இதே மீன்தான். கரண்டுக்கு டீசல் வாங்க எங்களுக்கு வேறு வழியில்லை. தெமோவின் மகள் எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் சம்பளமும் அந்தப் பணம்தான்."

லோசா இதையெல்லாம் வானிலை அறிக்கை வாசிப்பது போலச் சொன்னார். பிறகு, "விழுந்த இடத்தை மட்டும் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். "அவர் மனைவி அங்கே போய்ப் பூ போட வேண்டும் என்கிறாள்."

வான்மதி வீடியோவின் மூலையிலிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்தாள். லோசா திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

"அவ்வளவு தூரம் எங்கள் படகுகள் போகாது," என்றார். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"இதை நாம வேற யாருக்கும் குடுக்க முடியாது வான்மதி," என்றார் சைலஸ். "டேட்டா அவங்களோடது. காண்ட்ராக்ட் அப்படி."

"அப்பறம் என்ன ஆகுமுங்க?"

"வருஷக் கடைசில தானா டெலீட் ஆயிடும்."

"நா ஒரு காப்பி எடுத்து வச்சுக்கட்டுங்களா?"

"வேலை போயிடும். கேஸும் போடுவாங்க." அவர் லேப்டாப்பை மூடினார். "நான் பாக்கலன்னு வேணா இருந்துக்கறேன். எடுக்கறதும் எடுக்காததும் உங்க இஷ்டம்."

வான்மதி எடுக்கவில்லை. பயந்தாளா என்றால் அதுவும் இல்லை. யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று யோசித்தாள். பிடிபடவில்லை. அடுத்த சந்தேகத்தைத் திறந்தாள். ஒரு ஆமை. உயிரோடு விட்டிருந்தார்கள். அதைக் குறித்தாள்.

வீட்டில் சாப்பிடும்போது புருஷன் ஜெயபிரகாஷிடம் சொன்னாள். அவன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அடப் பாவமே," என்றான். சற்றுப் பொறுத்து, "காண்ட்ராக்ட் போயிடாதில்ல?" என்று கேட்டான். அவளுக்குக் கோபம் வரவில்லை. அது கேட்க வேண்டிய கேள்வியாகத்தான் பட்டது.

காண்ட்ராக்ட் போகவில்லை. அந்தக் கப்பல் கம்பெனியின் லைசென்ஸையும் மொரேலு புதுப்பித்தது. ஆனால் அப்சர்வராகப் போக அங்கே யாரும் முன்வரவில்லை. ஆளுக்குப் பதில் கப்பலுக்குக் கப்பல் கூடுதல் கேமரா வைத்தார்கள். வீடியோ மலைபோல் வந்து குவிய, அதுவரை தற்காலிகமாக இருந்த வான்மதியைப் பெர்மனென்ட் ஆக்கினார்கள். வெள்ளிக்கிழமை கேக் வெட்டினார்கள். சைலஸ் கேக்கைத் தொடவில்லை. வான்மதி தன் பங்கைச் சாப்பிட்டாள். தித்திப்பே தெரியவில்லை.

அங்கிருந்து நேரே மகள் கயலை ஸ்விம்மிங் க்ளாஸிலிருந்து கூட்டிவரப் போனாள். கயல் ஈரத் தலையோடு ஏறி உட்கார்ந்தாள்.

"டிட் யூ கெட் த பெர்மனென்ட் ஜாப், அம்மா?"

"ஆமா கண்ணு."

"ஆர் யூ ஹேப்பி?"

வான்மதி நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"தெரியல சாமி. பெல்ட்டப் போடு."

மௌரி அவென்யூவில் வண்டிகள் தேங்கி நின்றன. வழியில் கொத்தமல்லித் தழையும் தயிரும் வாங்க வேண்டியிருந்தது.