பாதி போதும்

1

இந்தக் கதை ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு ஓசியில் கிடைத்தது. அத்தையின் ரத்தப் பரிசோதனை முடியக் காத்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த நர்ஸம்மா, கால் வலிக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "அப்போ பாதி பத்தாதுன்னாங்க. இப்போ பாதி போதும்ங்கறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மீதியைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். கொஞ்சம் நானே இட்டுக்கட்டியும் இருக்கிறேன்.

2

வானம் இருண்டு கிடந்த அன்று…

(வேண்டாம். வெயில் கொளுத்தியதாம்.)

நர்ஸம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ரத்தம் ஊறுவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். அங்குள்ள மூலச்செல்களே கெட்டுப்போனால் இன்னொருவருடையதைத்தான் ஏற்ற வேண்டும். அன்றைக்கு, கூடப்பிறந்தவரின் திசு வகை முழுதாகப் பொருந்தினால் உண்டு. இல்லையென்றால் பெரும்பாலும் கைவிரிப்புதான்.

"உனக்கும் தம்பிக்கும் பாதிதாம்மா பொருந்துது," என்றார் டாக்டர்.

"பாதி இருக்கே சார். எடுத்துக்கங்க."

"பாதி பத்தாதும்மா."

இடுப்பெலும்பில் ஊசி குத்தி எடுப்பார்களே என்று உடம்பைத் தேற்றி வைத்திருந்தவரை, படுக்கையில் கிடந்த தம்பிதான் தேற்றினான்: "விடுக்கா. உன் ரத்தம் வந்தா உன் கோபமும் சேர்ந்து வந்துடும்."

அந்த வருஷமே போய்விட்டான்.

3

(கொஞ்சம் கட்டுரை வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நர்ஸம்மா அதே வார்டில் இருந்தார். வார்டுதான் மாறிக்கொண்டே போனது. இடுப்பு ஊசிக்குப் பதிலாக, கை நரம்பிலிருந்தே ஓர் இயந்திரம் மூலச்செல்களைப் பிரித்தெடுத்தது. முன்பின் பார்த்திராத யாரோ ஒருவர் கடல் தாண்டிக் கொடுத்தனுப்பினார். வயதாகிவிட்டது என்று முன்பு திருப்பியனுப்பப்பட்டவர்களுக்கும் கட்டில் கிடைத்தது. பிறகு, பாதிப் பொருத்தத்தில் வம்பு செய்யும் செல்களை மட்டும் அடக்கிவைக்க வழி பிறந்தது. அப்பா பிள்ளைக்கும், பிள்ளை அம்மாவுக்கும் கொடுக்கலாம் என்றானது. இத்தனையும் ஒரே ஒருத்தியின் கண்ணெதிரே! நினைத்தாலே எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

4

அதே நோயோடு வார்டுக்கு வந்த தையல்காரம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. மூலச்செல் கொடுத்தவன் லாரி ஓட்டும் மகன். பொருத்தம் பாதி. சிறிய சிவப்புப் பையை நர்ஸம்மா கம்பியில் தொங்கவிட்டார்.

"இவ்ளோதானா சிஸ்டர்?"

"இவ்ளோதாம்மா."

"கையில ஏத்துறீங்க. எலும்புக்குள்ள எப்படிப் போகும்? யாரு வழி சொல்லுவா?"

"யாரும் சொல்ல வேணாம். அதுவா தேடிப் போயிடும்."

"நல்லா போச்சு! பக்கத்துத் தெருவுக்கே பத்துப் பேரைக் கேட்டுட்டுப் போறவன் புள்ளைங்க அது!"

முதல் வரைவில் இந்த இடத்தில் நர்ஸம்மாவை அழவைத்திருந்தேன். படித்துக் காட்டியபோது முறைத்தார்.

"நான் எங்க அழுதேன்? ஒவ்வொரு சொட்டா இறங்குறதைப் பார்த்துட்டே நின்னேன். கும்பிடணும்போல இருந்துச்சு. கையில குழாய் இருந்துச்சு."

"தம்பியை நினைச்சுக் கோபம் வரலையா?"

"வந்துச்சு. கும்பிடத் தோணுச்சே, அதே நேரத்துலதான்."

(இப்படி ஒரு வாக்கியத்தை நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் எழுத முடியாது.)

5

செல்கள் வேர்பிடித்தன. சில மாதங்களில் தையல்காரம்மாவின் ரத்த வகையே மாறி, மகனுடையதாகிவிட்டது. "இப்போ யாரு யாரைப் பெத்தது?" என்று வார்டு முழுக்கக் கேட்டுச் சிரித்தார். பரிசோதனை முடிந்து கிளம்பும்போது நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு சிஸ்டர்?"

"யாருமில்லம்மா" என்று எழுதினேன். பொய். அடித்தேன். "ஒரு தம்பி இருந்தான்" என்று எழுதினேன். பிழைத்து வந்தவரிடம் அதையா சொல்வது? அதையும் அடித்தேன். "ஒரு தம்பி…" என்று எழுதி நிறுத்தினேன்.

நர்ஸம்மா சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை. தையல்காரம்மா கையை விடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நீங்கள் சொல்லுங்கள்.