இரண்டு கடைகளில் ஒரு மோதிரம்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் வரலாற்று வாரத்துக்காக லட்லோ ஊர்க் கடைக்காரர்கள் எல்லோரும் ஜன்னலில் ஏதாவது பழைய பொருள் வைத்தோம். என் நகைக்கடையில் நான் வைத்தது ஒரு மெல்லிய தங்க மோதிரம். மேலே ஒரு குட்டிக் கை நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் தட்டை. அங்கே ‘நீ திரும்பும்வரை’ என்று பழங்கால எழுத்து. மீதி தேய்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

எதிரே இருக்கும் நகைக்கடை கிளெமென்ட் பெடோஸுடையது. என்னிடம் நகையில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தவரை அவர் தன் கடைக்கு இழுத்துக்கொண்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. ஆனாலும் அவர் என்ன வைத்திருக்கிறார் என்று பார்க்காமல் இருக்க முடியுமா? மழையில் தெருவைத் தாண்டிப் போய் எட்டிப் பார்த்தேன்.

அங்கேயும் ஒரு மெல்லிய மோதிரம். அதிலும் ஒரு குட்டிக் கை.

திரும்பி ஓடி என் மோதிரத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் கடைக்குள் நுழைந்தேன்.

“என்ன மிஸஸ் பிரீஸ், வேவு பாக்க வந்தீங்களா?”

“அதெல்லாம் பாத்தாச்சு. உங்க மோதிரத்துல தட்டைப் பக்கம் என்ன எழுதியிருக்கு?”

“‘நான் காத்திருப்பேன்’னு. ஏன் கேக்கறீங்க?”

என்னுடையதை மேஜையில் வைத்தேன். அவர் படித்தார். தன்னுடையதை எடுத்து இரண்டையும் சேர்த்தார்; தட்டையும் தட்டையும் ஒட்டிக்கொண்டன, ஒரு கை மற்றதைப் பிடித்துக்கொண்டது. பூதக்கண்ணாடியை வைத்து உற்றுப் பார்த்தார்.

“ரெண்டுலயும் ஒரே தட்டான் முத்திரைங்க. கிட்டத்தட்ட நானூறு வருஷம் முந்தி, ராஜாவுக்கும் பார்லிமென்ட்டுக்கும் சண்டை நடந்த காலத்து வேலை. நிச்சயம் பண்ணி, ஆளுக்குப் பாதி போட்டிருக்காங்க.”

“பையன் ராஜா படையில போயிருப்பான். அப்ப நம்ம ஊரே ராஜா பக்கம்தானே.”

“வந்தானா?”

“வந்திருந்தா இது ரெண்டு கடையில கிடக்குமா?”

அவர் மூக்கைச் சிந்தினார். ஜலதோஷமாம்.

அடுத்த நிமிடமே யார் கடை ஜன்னலில் அதை வைப்பது என்று சண்டை வந்தது. எங்கள் சத்தம் கேட்டு ரொட்டிக்கடைக்காரி வந்தாள். அவள் சொல்லித் தெரு முழுக்க வந்தது. மதியத்துக்குள் அருங்காட்சியகத்துப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

மோதிரத்தை அவளிடமே கொடுத்துவிட்டோம், சேர்ந்தபடியே. இனி அதைப் பிரிக்க எங்கள் இருவருக்குமே கை வரவில்லை.