உப்பு போடாத மசியல்

பச்சைப் பட்டாணி மசியல் பறந்து வந்து என் நெற்றியில் ஒட்டியது. எறிந்தவள் ஒன்றரை வயது வாண்டு, என் மகள். எறியும்படி செய்தவர் என் கணவர்.

நாளை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. "இன்னொரு தடவை லீவுன்னு வராதம்மா, வேற ஆள் பாத்துடுவேன்" என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். இவருக்குச் சாயங்காலம்தான் வேலை, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். ஆனால் அவர் கையால் அவள் ஒரு வாய் வாங்கினால்தானே? என்னிடம் மட்டும் சாப்பிடுகிறாள். அதுகூட நான் பசியில் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்ளும்போது என் தட்டிலிருந்து பிடுங்கித் தின்பதுதான்.

இத்தனைக்கும் இவர் பெரிய ஹோட்டலில் சாஸ் பிரிவுக்குத் தலைவர். நூற்றுக்கணக்கான பேர் தொட்டுக்கொண்டு சாப்பிடுவதற்குப் பதம் பார்த்துச் சொல்கிறவர். காலையிலிருந்து மிக்ஸி ஓயவில்லை. கொண்டைக்கடலையும் எள்ளும், பூசணியும் வேர்க்கடலையும், பீட்ரூட்டும் தயிரும், அவித்த முட்டையும் வெண்ணெயும் என்று மேடை முழுக்கக் கிண்ணங்கள். சத்துக்கு ஒரு குறையுமில்லை. பிள்ளைக்கென்று உப்பு மட்டும் போடவில்லை. ஒவ்வொன்றையும் நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு வேறு கரண்டி எடுப்பார். வாயில் வைத்த கரண்டி மறுபடி பாத்திரத்துக்குள் போகக் கூடாதாம், தொழில் தர்மம். கழுவுகிறவள் நான்.

ரொட்டித் துண்டில் பீட்ரூட்டைத் தடவி நீட்டினார். வாண்டு நாக்கை நீட்டித் தொட்டாள், முகத்தைச் சுளித்தாள், துண்டை வீசினாள்.

"பாத்தியா, மண் வாசனை புடிக்கலை. சுட்டு அரைச்சா சரியாயிடும்."

"ஏங்க, அது கொழந்தைங்க! உங்க ஹோட்டலுக்கு வந்த பெரிய மனுஷன் இல்ல. நாளைக்கு நான் போன பெறகு பட்டினியா போடப் போறீங்க?"

அவர் காதில் வாங்கினால்தானே. கொண்டைக்கடலைக் கிண்ணத்தின் பக்கம் திரும்பிவிட்டார். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வாண்டுவைப் பார்த்தேன். கழுவி வைத்திருந்த ஒரு கரண்டி அவள் கைக்கு எட்டியது. அதை எடுத்தாள். நுனி நாக்கில் வைத்தாள். கண்ணை இடுக்கினாள், புருவத்தை நெரித்தாள், இல்லை என்று தலையை ஆட்டினாள். கரண்டியைக் கீழே போட்டாள்.

வெறும் கரண்டி.

இந்தப் பக்கம் அவர் புருவமும் அதே மாதிரி நெரிந்துகொண்டிருந்தது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு அழுகையும் ஆத்திரமும்தான் வந்தன.

"அந்த மூஞ்சியப் பாத்துதான் கத்துக்கிட்டிருக்கா. சாப்பிடறதுன்னா இப்படித்தான் போலன்னு."

"எந்த மூஞ்சி?"

"உப்பு பத்தலைங்கிற மூஞ்சி."

"பத்தலையே. அவளுக்காகத்தானே போடல."

"அதை உங்க மூஞ்சிக்குச் சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தால், இவர் சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லை. வேலையில் ருசி பார்த்தே வயிறு நிரம்பி வருகிறவர், வீட்டில் தட்டின் முன் உட்காருவதே அபூர்வம். கையைப் பிடித்து அவள் எதிரே உட்கார வைத்தேன். ஒரு கிண்ணம், ஒரே கரண்டி. "சாப்பிடுங்க. ருசி பாக்காதீங்க."

ஒரு வாய் போட்டார். புருவம் கிளம்பியது. நான் வாண்டுவின் பின்னால் நின்று முறைத்தேன். புருவம் இறங்கியது. விழுங்கினார். இரண்டாவது வாய்க்கு, பாவம், சிரிக்கவும் செய்தார்.

வாண்டு எட்டிக் கரண்டியைப் பிடுங்கினாள். கிண்ணத்தில் அமுக்கி, பாதியை மடியில் சிந்தி, மீதியைக் கொண்டுபோய் அப்பா வாயில் திணித்தாள். திரும்பவும் திணித்தாள். அவர் தொழில் தர்மத்தை மறந்து வாங்கிக்கொண்டே இருந்தார்.

பிறகு தன் விரலில் வழிந்திருந்ததை அவள் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். விரலை வாயில் வைத்தாள்.

மெல்ல அவள் புருவங்கள் நெருங்கத் தொடங்கின. இவர் வாய் நிறைய மசியலோடு, வேர்த்து வழிய, இமைகூடக் கொட்டாமல் அவளைப் பார்த்துச் சிரித்தபடியே உட்கார்ந்திருந்தார்.